மறு: மறு: ஸ்பீக்கர் 'ஹம்' சத்தத்துக்குச் சொல் தேவை (வெள்ளிக்குள்)

சுங்கை சிப்புட், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்காக, வீட்டுக் கணினியில் சத்தம் கோளாறானால் என்ன செய்வது என்று ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம். பாதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள். கடைக்காரர் சொல்வதும் புரிவதில்லை, பிள்ளைகள் சொல்வதும் புரிவதில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மூலத்தில் மூன்று கோளாறுக்கு மூன்று பெயர். என் மொழிபெயர்ப்பில் மூன்றும் 'இரைச்சல்' ஆகிவிட்டது. அடியில் நிற்காமல் 'ம்ம்ம்' என்று ஓடுவது ஒன்று. பாட்டின் நடுவே 'பட் பட்' என்று வெட்டுவது இன்னொன்று. மூன்றாவது, 'உஸ்ஸ்'. முதலாவதுதான் அவசரம், அதற்கே நான்கு பக்கம் இருக்கிறது. சொல் கொடுங்கள்.

கோலகங்சார், கணினி பழுது பார்ப்பவர்:

டீச்சர், நல்ல வேளை கேட்டீங்க. கடைக்கு வர்ற எல்லாருமே "சத்தம் சரியில்ல"ன்னுதான் சொல்வாங்க. எந்தச் சத்தம்னு சொன்னா பாதி வேலை முடிஞ்சிடும்.

'ம்ம்ம்' வந்தா கணினியில பழுது இருக்கணும்னு இல்ல. கணினி ஒரு பிளக்குல, ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ வேற பிளக்குல இருக்கும். ரெண்டுக்கும் எர்த் (கசியற கரண்டை மண்ணுக்கு இறக்குற வயர்) வேற வேற வழியா போகுது. நடுவுல ஆடியோ வயரோட உலோக உறையும் ரெண்டையும் சேர்த்துடுது. எர்த்துக்கும் எர்த்துக்கும் கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் இருந்தா போதும், அந்த உறை வழியா கரண்ட் ஓடும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை, அதனால 50, 100 ஹெர்ட்ஸ்ல முனகும். மடிக்கணினியா இருந்தா சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. சத்தம் நின்னா இதுதான். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல குத்துங்க. அதுலயும் நிக்கலேன்னா ரெண்டு பக்க எர்த்தையும் பிரிச்சு வைக்க ஆடியோ வயர்ல போடுற ஐசோலேட்டர் கடையில கிடைக்கும்.

கையேட்டுல இதைப் பெரிய எழுத்துல போடுங்க: மூணு முனை பிளக்குல எர்த் முனையை வெட்டக் கூடாது. வெட்டினா சத்தம் நிக்கும்தான். ஆனா கரண்ட் கசிஞ்சா ஆள் மேலதான் பாயும்.

தைப்பிங், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியைக்கு வணக்கம். இதற்குப் பலரும் 'ரீங்காரம்' என்பார்கள், ஏற்க வேண்டாம். ரகரம் மொழிக்கு முதலில் வாராது. 'இரீங்காரம்' என்று இகரம் சேர்த்தாலும் '-காரம்' வடமொழியிலிருந்து வந்தது என்று நாம் அறிவோம்.

தொல்காப்பிய உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவம் (ஆரவாரம்) என்ற பொருளில் வருகின்றன. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கும் இசைப்பொருள். இத்தனையை வைத்துக்கொண்டு நாம் பிச்சைக்குப் போவானேன்?

என் பரிந்துரை 'முரல்வு'. வண்டு முரல்வதைச் சங்கப் பாடல்கள் எத்தனை இடத்தில் சொல்கின்றன! அந்த வண்டுக்கே 'ஞிமிறு' என்று பெயர். மிஞிறு, ஞிமிறு என்பதை எழுத்து நிலைமாறி நிற்பதற்குச் சான்றாகக் காட்டுவோம். தசை, சதை போல. மி, மு இரண்டிலும் மகரம் நிற்பதைக் கவனியுங்கள். வாயை மூடி எழுப்பும் ஓசைக்கு மகரமே முதல் என்பது என் நெடுநாள் கருத்து. 'முனகல்', 'முணுமுணுப்பு', 'மிழற்றல்' எல்லாம் அந்தக் குடும்பமே. இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுவோர்க்கு அனுப்புவேன்.

ஈப்போ, பொறியியலாளர்:

ஐயா, 'இரங்கல்' நல்ல சொல்தான். ஆனால் "உங்கள் ஸ்பீக்கரில் இரங்கல் கேட்டால்" என்று அச்சிட்டால் பெற்றோர் யார் இறந்தது என்று கேட்பார்கள்.

பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் டெங்ஙோங், டெசிஸ், டெராக் என்று மூன்றையும் ஏற்கெனவே படிக்கிறார்கள். முதலாவது ரீங்காரம், அடுத்தது சீறல், கடைசியில் முறிகிற ஓசை. மலாய்க்காரர்கள் ஓசையைக் கேட்டபடியே சொல்லாக்கிவிட்டார்கள். நாம் உரியியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

கிள்ளான், யாழ்ப்பாணப் பரம்பரை:

'முரல்' என்றால் எங்கள் வீட்டில் மீன். ஊசி போல் வாய் நீண்ட மீன், பாட்டி பொரித்துத் தருவார். கையேட்டில் அதைப் பார்த்தால் எனக்குப் பசிதான் எடுக்கும்.

'எர்த்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். இலங்கைப் பாடநூல்களில் 'புவித்தொடுப்பு' என்று அழகாக இருக்கிறது. இரண்டு புவித்தொடுப்பு சேர்ந்து வளையமானால் 'புவிக்கண்ணி'. கண்ணி என்றால் சிக்க வைப்பது என்ற பொருளும் இருக்கிறது, பொருத்தம்தானே?

கோலகங்சார்:

அண்ணே, 'புவித்தொடுப்பு வெட்டாதீர்'னு போட்டா ஒருத்தருக்கும் புரியாது. நாளைக்கு ஒருத்தர் கையில ஷாக் அடிச்சா யார் பதில் சொல்றது? எர்த் எர்த்தாவே இருக்கட்டும்.

ரீங்காரமும் எனக்குச் சரிப்படல, ஆனா இலக்கணக் காரணம் இல்ல. தேனீ சிறகு விநாடிக்கு 200 தடவைக்கு மேல அடிக்குது. நம்ம சத்தம் 50. தேனீன்னு சொன்னா மெல்லிசாத் தேடுவாங்க, இது அடித்தொண்டைச் சத்தம். முரல்வுக்கும் இதே கதைதான், அதுவும் வண்டுதானே.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

அப்படியானால் 'உறுமல்' எப்படி? தைப்பூசம் வந்தால் எங்கள் ஊரில் உறுமி மேளம் கேட்காத தெரு இல்லை. குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் அந்த அடிச்சத்தம் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளி வாசலில் காத்திருந்த ஒரு அம்மாவிடம் ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டினேன். "உறுமி மாதிரிதான் டீச்சர் இருக்கு" என்றார். நான் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.

'பட் பட்' விஷயத்தையும் தம்பி விளக்கிவிட்டால் நல்லது.

கோலகங்சார்:

அது மின்சாரம் இல்ல, நேரக் கணக்கு. கணினி விநாடிக்கு 48,000 ஒலித்துண்டு அனுப்புது. முன்கூட்டியே கொஞ்சம் தொட்டியில நிரப்பி வைக்கும். தொட்டி 480 துண்டுன்னா 10 மில்லிவிநாடிக்குத்தான் வரும். அதுக்குள்ள மறுபடி நிரப்பலேன்னா இடைவெளி விழும், அதுதான் 'பட்'. தொட்டியைப் பெரிசாக்கணும், இல்லேன்னா நேரத்தை இழுக்கிற டிரைவரை (கணினிப் பாகத்தை இயக்குற மென்பொருளை) புதுப்பிக்கணும். பல வீட்டுல வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. ஸ்பீக்கரை மாத்தி ஒண்ணும் ஆகாது, ஆனா அதைத்தான் முதல்ல மாத்துவாங்க.

ஈப்போ:

தொட்டிக்கு 'இடையகம்' ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. தீர்ந்துபோவதற்கு 'இடையக வறட்சி'. சத்தத்துக்குப் 'பொரிவு', எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. 'உஸ்ஸ்' சீறல். அதில் சண்டை வேண்டாம். உறுமலுக்கு என் வாக்கு.

கிள்ளான்:

உறுமல் என்றால் புலி. பரவாயில்லை, எனக்கும் சரி. புவிக்கண்ணியை அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.

வேறு ஒன்று கேட்க வேண்டும். மகன் கணினியில் பாட்டு போட்டால் வாத்தியம் மட்டும் கேட்கிறது, பாடுகிறவர் குரல் தூரத்தில் எங்கோ போய்விட்டது. இது என்ன நோய்?

கோலகங்சார்:

ஹெட்போன் முனை முழுசா உள்ள போகல, இல்ல அதுல பொது வயர் அறுந்திருக்கு. இடதும் வலதும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கிற குரல்தான் முதல்ல காணாமப் போகும். அழுத்திக் குத்திப் பாருங்க.

கிள்ளான்:

அழுத்தினேன். வந்துவிட்டது.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

நன்றி. உறுமல், பொரிவு, சீறல் என்று அனுப்பிவிட்டேன். எர்த் எர்த்தாகவே இருக்கிறது, புவிக்கண்ணி அடைப்புக்குறியில். இன்னும் சொல் வந்தால் அச்சகத்தார் என்னைத் திட்டுவார்.

தைப்பிங்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. மறுபதிப்பில் 'முரல்வு' பரிசீலிக்கப்பட வேண்டும் என்பதைப் பதிவு செய்க. மீன் ஒன்று அந்தப் பெயரில் இருப்பது தடையாகாது. 'மதி' நிலவாகவும் அறிவாகவும் இருக்கவில்லையா? ஒரே ஒரு வேண்டுகோள்: பக்கம் 2-இல் 'உறுமல் சத்தம்' என்று இருந்தால் 'சத்தம்' என்பதை எடுத்துவிடுங்கள். கூறியது கூறல்.