‘செயல்திறன்’ வேண்டாம்: ஆய்வுப் பணத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுக்கு அரசு பணம் பிரிக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பெர்ஃபார்மன்ஸ் பேஸ்டு ரிசர்ச் ஃபண்டிங்’ என்ற இடத்தில், அதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் பேனா நின்றுவிட்டது.

‘செயல்திறன் அடிப்படையிலான ஆய்வு நிதியளிப்பு’ என்று எழுதி, தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவிடம் காட்டினேன். “மோட்டார் பம்புக்குத்தான் செயல்திறன் பார்ப்பாங்க. புரொஃபசருக்கு எப்படிப் பார்க்கிறாங்க?” என்றார். நியாயமான கேள்வி. செயல்திறன் என்பது உள்ளே இருக்கும் ஆற்றல். இங்கே அதை யாரும் அளப்பதில்லை. செய்து முடித்ததைத்தான் அளக்கிறார்கள்.

பிரிட்டன் இதை 1986-ல் தொடங்கியது. 2014 முதல் பெயர் ‘ரெஃப்’ (ரிசர்ச் எக்ஸலன்ஸ் ஃப்ரேம்வொர்க்). 2021 சுற்றில் 157 நிறுவனங்கள் கலந்துகொண்டன. துறை வல்லுநர்கள் உட்கார்ந்து கட்டுரைகளையும் நூல்களையும் படித்து நட்சத்திரம் போடுவார்கள். அந்தச் சுற்றில் மதிப்பெண் எடை, படைப்புகளுக்கு 60 விழுக்காடு, வெளியுலகுக்குக் கிடைத்த பயனுக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. இங்கிலாந்தில் நான்கு நட்சத்திர வேலைக்கு நான்கு பங்கு பணம் என்றால் மூன்று நட்சத்திரத்துக்கு ஒரு பங்கு. அதற்குக் கீழே காலணா கிடையாது. முக்கியமான விஷயம், இதற்கு யாரும் ‘இன்ன ஆய்வு செய்யப்போகிறேன்’ என்று விண்ணப்பம் எழுதுவதில்லை. பழைய வேலையைப் பார்த்து மொத்தமாகப் பணம் வரும், எதில் செலவழிப்பது என்பது பல்கலைக்கழகத்தின் பாடு.

நார்வே 2000-களின் நடுவில் கொண்டுவந்த முறையில் படித்ததே இல்லை, எண்ணியதுதான். சாதாரண இதழில் கட்டுரை வந்தால் 1 புள்ளி, உயர்நிலை இதழென்றால் 3. நூலுக்கு 5, உயர்நிலைப் பதிப்பகமானால் 8. செக் நாட்டில் முன்பு இருந்த இதே மாதிரியான புள்ளிக் கணக்குக்குக் ‘காபி அரைக்கும் மெஷின்’ என்று பட்டப்பெயர். அவர்களுக்குக் கலைச்சொல் கவலை தீர்ந்தது!

ஆகவே ‘தரவழி’ என்றால் நார்வே விடுபடும், ‘புள்ளிவழி’ என்றால் பிரிட்டன் விடுபடும். ‘மானியம்’ என்ற சொல்லைப் பல்கலைக்கழக மானியக் குழு பழக்கிவைத்திருந்தாலும், காதில் விழுவது காஸ் சிலிண்டர்தான். என் முன்மொழிவு: அடைவுவழி ஆய்வு நல்கை (அடைவு என்றால் எட்டியது, நல்கை என்றால் கிராண்ட்). பள்ளிக்கல்வியில் ‘அடைவுத் தேர்வு’ ஏற்கெனவே புழங்குகிறது.

மறுமொழி 1

நல்கை எனக்குச் சம்மதம். அடைவுதான் இடிக்கிறது. நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் அடைவு என்றால் நகையைக் கொண்டுபோய் வைத்துக் காசு வாங்குவது. “சங்கிலி அடைவிலை கிடக்குது” என்பார்கள். ‘அடைவுவழி நல்கை’ என்று வாசித்ததும், பல்கலைக்கழகம் எதைக் கொண்டுபோய் வைத்தது என்றுதான் யோசித்தேன்.

மறுமொழி 2

அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘ஏர்ன்டு லீவ்’ என்பதை நாங்கள் ‘ஈட்டிய விடுப்பு’ என்று எழுதுவோம். ஏற்கெனவே பார்த்த வேலைக்குக் கணக்கில் சேர்ந்த லீவு. நீங்கள் சொல்லும் பணமும் அதே ஜாதிதானே? ‘ஈட்டிய நல்கை’ என்று வைத்துப் பாருங்கள்.

மறுமொழி 3

முன்மொழிந்த அடைவை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன், வட்டியில்லாமல்.

‘ஈட்டிய ஆய்வு நல்கை’ நன்றாக உட்கார்கிறது. எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது: விண்ணப்பித்து வாங்குவது திட்ட நல்கை, பார்த்த வேலைக்கு வருவது ஈட்டிய நல்கை. பிரிட்டனில் இந்த இரண்டு வாய்க்காலும் தனித்தனியாக ஓடுவதால் கட்டுரைக்கு இந்தப் பிரிப்பு அவசியம். ‘ஈட்டுநல்கை’ என்று சுருக்க ஆசை வந்தது. ஈடு என்றாலும் அடமானம்தான் என்று யாழ்ப்பாணத்து நண்பர் மறுபடி மடல் போடுவார், வேண்டாம்.

ஒரு நெருடல் மட்டும் இருக்கிறது. ‘ஈட்டிய’ என்றால் உழைத்துச் சம்பாதித்தது என்ற நல்ல பெயரும் ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்திரேலியா 1990-களில் கட்டுரைகளை எண்ணிப் பணம் கொடுத்தபோது எண்ணிக்கை ஏறியது. ஆனால் கூடியதில் பெரும்பகுதி, அதிகம் மேற்கோள் காட்டப்படாத இதழ்களில் வந்தவை என்று ஆய்வாளர் லிண்டா பட்லர் கணக்கெடுத்துக் காட்டினார். அதை ஈட்டியது என்பதா, தேற்றியது என்பதா? ஆனாலும் விதிப்படி வந்த பணம் என்பதால் ‘ஈட்டிய’வே இருக்கட்டும், குறையைக் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறேன்.

பெரியப்பாவிடமும் சொன்னேன். “அப்போ வருஷக் கடைசியில சரண்டர் பண்ணலாமா?” என்றார். பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம், அந்த 25 விழுக்காட்டு ‘இம்பாக்ட்’. ‘தாக்கம்’ என்று எழுதினால் புயல் கரையைக் கடந்த மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு ‘வெளிப்பயன்’ என்று போட்டுவைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் அடித்துக்கொள்ளலாம்.