ஐஎல்ஆர் (பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி): பில் எல்லாம் கணவர் பேரில் இருந்தால் சேர்ந்து வாழ்வதை எப்படிக் காட்டுவது?

குரோய்டன்_மருமகள் கேட்டது:

வணக்கம். ஸ்பவுஸ் விசாவில் 60 மாதம் வரும் ஜூனில் முடிகிறது. ஐஎல்ஆருக்கான செட்(எம்) படிவம் போட வேண்டும். கணவர் பிரிட்டிஷ் குடிமகன். வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி), கரண்ட், தண்ணீர் எல்லாமே அவர் பேரில். என் பேரில் இருப்பது பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபி (குடும்ப மருத்துவர்) கடிதங்கள், சம்பளச் சீட்டு. ஜாயின்ட் அக்கவுன்ட் போன மாதம்தான் திறந்தோம். இது போதுமா? போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சேர்க்கலாமா?

தாள்கட்டு:

போட்டோவையும் வாட்ஸ்அப்பையும் விட்டுவிடுங்கள். முதல் விசாவுக்கு அவை உதவியிருக்கும். இப்போது பார்ப்பது ஒரே வீட்டு முகவரிக்கு இருவருக்கும் வந்த கடிதங்களைத்தான்.

கணக்கு இதுதான்: கடைசி 2 வருடத்தில் இருவர் பேரும் சேர்ந்த 6 கடிதம், குறைந்தது 3 வெவ்வேறு இடங்களிலிருந்து. கூட்டாக இல்லையென்றால் உங்களுக்கு 6, அவருக்கு 6, மொத்தம் 12. முகவரி மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பதை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

எண்ணிக்கையில் யாரும் கோட்டை விடுவதில்லை, தேதியில்தான் விடுகிறார்கள். கடைசி நாலு மாதத்துக் கடிதம் இருபது அடுக்கிவிட்டு அதற்கு முந்தைய வருடத்துக்கு ஒன்றுமே இருக்காது. 2026 ஜூனில் போடுவதாக வைத்தால் 2024 ஜூலை, நவம்பர், 2025 மார்ச், ஜூலை, டிசம்பர், 2026 ஏப்ரல் என்று ஆறு இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அவருடையது ஒன்று, உங்களுடையது ஒன்று. ஜூலையில் அவருக்குத் தண்ணீர் பில் என்றால் உங்களுக்கு ஜிபி கடிதம். மார்ச்சில் அவருக்குப் புது வருடக் கவுன்சில் டாக்ஸ் பில் வரும், உங்களுக்கு ஹெச்எம்ஆர்சி (வரித் துறை) அனுப்பும் டாக்ஸ் கோட் கடிதம் பெரும்பாலும் அதே சமயம்தான் வரும்.

சம்பளச் சீட்டை இதில் எண்ணாதீர்கள், அது வருமானப் பகுதிக்கு. ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் கடைசி இடத்துக்கு ஆகும். வீட்டு உரிமையாளரிடமோ ஏஜென்டிடமோ இன்ன தேதி முதல் இருவரும் இங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு கடிதம் வாங்கி, வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே இருப்பவர் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கலாம். பதிவு உறுதிக் கடிதமும் போலிங் கார்டும் உங்கள் பேரில் வீட்டுக்கே வரும்.

லூட்டன்_வன்னிமகள்:

தங்கச்சி, பேர்ச் சிக்கலையும் ஒருக்காப் பாருங்கோ. எங்கட ஆக்களின்ர பாஸ்போர்ட்டில தகப்பன்ர பேர்தான் குடும்பப் பேரா இருக்கும். கலியாணம் கட்டின பிறகு ஜிபியில ஒரு பேர், பாங்கில ஒரு பேர், தண்ணிக் கொம்பனியில 'மிஸிஸ்' போட்டு மனுசன்ர பேர். கடிதத்தைப் பார்க்கிற ஆபீசருக்கு அது மூண்டு பொம்பிளையள். பாஸ்போர்ட்டில உள்ள மாதிரியே இனி எல்லா இடத்திலயும் மாத்துங்கோ. பழைய கடிதங்களுக்குக் கலியாணச் சான்றிதழை வைச்சு, இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒராள்தான் எண்டு கவரிங் லெட்டரில ரெண்டு வரி எழுதினாக் காணும்.

ஆப்பில மட்டும் இருக்கிற பாங்க் எண்டால் கவனம். சிலதில பழைய மாசத்து ஸ்டேட்மென்டை இப்ப இறக்கினால் இப்பத்தைய முகவரிதான் அடிச்சு வரும். இடையில வீடு மாறியிருந்தால் நீங்கள் குடிவர முந்தின தேதிக்கும் புது முகவரி நிக்கும். அதை வைக்காமல் விடுறதுதான் நல்லது.

குரோய்டன்_மருமகள்:

ரொம்ப நன்றி இருவருக்கும். கவுன்சில் டாக்ஸ் பில்லை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கணவர் பேருக்குக் கீழே 'சிங்கிள் ஆக்குபையர் டிஸ்கவுன்ட் 25%', அதாவது தனியாக வாழ்பவருக்கான கழிவு, என்று ஒரு வரி கழிந்திருக்கிறது. நான் வருவதற்கு முன் அவர் வாங்கியது, அப்படியே ஓடியிருக்கிறது. இந்தப் பில்லை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாமா?

தாள்கட்டு:

வேண்டாம். ஒளித்தால் கணக்கு தப்பாகவே நிற்கும். கவுன்சில் ஆவணத்தில் அவர் தனியாக வாழ்கிறார், ஹோம் ஆபீஸ் (விசா முடிவு செய்யும் உள்துறை) படிவத்தில் நீங்கள் சேர்ந்து வாழ்கிறீர்கள். இரண்டில் ஒன்று பொய் என்றுதான் படும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்களில் யாராவது முழுநேர மாணவரா? மாணவரைக் கவுன்சில் தலைக்கணக்கில் சேர்க்காது, அப்போது 25% சரியான கழிவுதான். அதற்குக் கவுன்சில் கடிதம் இருந்தால் இணைத்தால் முடிந்தது.

அப்படி இல்லையென்றால் இன்றைக்கே கவுன்சில் இணையதளத்தில் சூழ்நிலை மாற்றப் படிவம் போடுங்கள். நீங்கள் வீட்டுக்கு வந்த உண்மையான தேதியைக் கொடுங்கள். கழிவு பொருந்தாது என்று தெரிந்தால் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி, தவறினால் £70 அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கழித்த தொகையை அந்தத் தேதியிலிருந்து திரும்பக் கேட்பார்கள். பில் வருடம் £2,000 என்றால் வருடத்துக்கு சுமார் £500. மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவி இருவரும் கவுன்சில் டாக்ஸுக்குக் கூட்டாகப் பொறுப்பு. ஆகவே உங்கள் பேரையும் சேர்க்கச் சொல்லி, ஒவ்வொரு வருடத்துக்கும் திருத்திய பில் கேளுங்கள். அதன் மேல் அச்சிட்ட தேதி இன்றையதாக இருக்கும், ஆகவே பழைய மாதத்துக்கு அதை எண்ணாதீர்கள். அங்கே வேறு கடிதம் வேண்டும். கட்டிய ரசீதையும் வைத்து, கவரிங் லெட்டரில் மறைக்காமல் எழுதுங்கள்.

வெம்பிளி_கணக்கர்:

தேதி பற்றி மட்டும். 60 மாதம் முடிய 28 நாளுக்கு மேல் இருக்கும்போது போட்டால் நிராகரிக்கலாம், அப்போது கட்டணமும் போகும். ஆனால் 28 நாள் திறந்த முதல் காலையிலேயே போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 33 மாத விசா, பிறகு 30 மாத நீட்டிப்பு என்றால் 60 மாதத்துக்குப் பின்னும் கொஞ்ச நாள் கையில் மிஞ்சலாம். திருத்திய பில்லுக்கு அந்த அவகாசத்தைப் பயன்படுத்துங்கள், விசா முடியும் நாளை மட்டும் தாண்டாதீர்கள்.

அப்லோட் செய்யும்போது ஒரு மாதத்துக் கடிதம் இரண்டையும் ஒரே பிடிஎஃப்பில் வையுங்கள், அவருடையது முதல் பக்கம், உங்களுடையது இரண்டாவது. பேர், முகவரி, தேதி மூன்றும் தெரியும் பக்கம் தவறாமல் இருக்கட்டும். கடிதத்தை மடித்த இடத்தில் முகவரி வரி மங்கிப் போவது வழக்கம், தட்டையாக வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.