பண்டிகை நெருங்கும்போது வரும் படபடப்பு: கைவேலை யாருக்காவது உதவியிருக்கிறதா?

இலைப்பச்சை:
விடுமுறை, பண்டிகை என்றாலே வயிற்றைப் பிசையும் அந்த உணர்வை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன முறை வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் வேலையை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. பெரியப்பா கட்டாயம் கேட்பார், அதற்கான பதிலை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தே கை சில்லிட்டுப் போயிருந்தது. உள் அறைக்குப் போனால் அண்ணன் மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு பச்சைப் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டு, "இலை எல்லாம் நீ பண்ணு சித்தப்பா, கோட்டுக்கு வெளிய போகக்கூடாது" என்றாள்.

பண்ணினேன். கோட்டின் ஓரம் வரும்போது பென்சிலை மெதுவாகத் திருப்ப வேண்டும், அந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அப்புறம்தான் கூடத்துப் பேச்சு காதில் விழுந்தது. அதுவரை வெறும் இரைச்சலாக இருந்தது, இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. யாருடைய முழங்கால் வலியைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றி இல்லவே இல்லை. அந்த நொடி இன்னும் மனசில் நிற்கிறது. பெரியப்பா பிறகு கேட்கத்தான் செய்தார், நானும் சொன்னேன், குரல் நடுங்கவில்லை. இது தற்செயலா, இல்லை உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கத்தரிக்கோல்:
எனக்கு நேர்மாறாக நடந்தது. "உனக்குத்தான் கைவேலை வரும்" என்று சொல்லி எல்லோருக்கும் போகவேண்டிய வாழ்த்து அட்டைகளை அண்ணி என் தலையில் கட்டிவிட்டார். நள்ளிரவாகிவிட்டது, பசை காயவில்லை, காலையில் எல்லோரும் பிரித்துப் பார்த்து எது நன்றாக வந்திருக்கிறது, எது கோணல் என்று பேசுவார்கள் என்பதே மண்டைக்குள் ஓடியது. படபடப்பு ஏறிக்கொண்டேதான் போனது. அதனால் கைவேலை செய்தால் மனசு அடங்கும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இலைப்பச்சை, உங்களுக்கு உதவியது பென்சில் இல்லை. அந்த இலைகளுக்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை என்பதுதான் உதவியது.

ஆனால் அதே இரவு இன்னொன்றும் நடந்தது. மிச்சம் விழுந்த வண்ணத்தாள்களைக் குப்பையில் போட அள்ளியவள், என்னவோ தோன்றி அவற்றைக் கையாலேயே கிழிக்க ஆரம்பித்தேன். நீள நீளமாக, ஓரத்தில் வெள்ளை நார் தெரிகிற மாதிரி. கிழித்ததை ஒரு பழைய அட்டையில் ஒட்டிக்கொண்டே போனேன், உருவம் என்று எதுவும் இல்லை. திடீரென்று தாடை வலித்தது. அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அது விட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த அட்டையை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது.

வழிப்போக்கன்:
என் கதை சின்னது. ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் பெட்டி கட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவன் ஒரு கடித உறையின் பின்பக்கம் கட்டம் போட்டு நிரப்பினேன், பிறகு எழுந்து பெட்டி கட்டினேன். அவ்வளவுதான். ஆனால் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

2005-இல் நான்சி கரி, டிம் காசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதலில் பதற்றத்தை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு, பிறகு 20 நிமிடம் வண்ணம் தீட்டவைத்தார்கள். ஒரு குழுவுக்கு மண்டலம் எனப்படும், கோலம் மாதிரியான வட்டப் படம், இன்னொன்றுக்குக் கட்டம் போட்ட படம், மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத்தாள். முதல் இரண்டு குழுக்களுக்கும் பதற்றம் நன்றாக இறங்கியது, வெள்ளைத்தாள் குழுவுக்கு அந்த அளவு இறங்கவில்லை. அதாவது பதறிக்கொண்டிருப்பவரிடம் வெறும் தாளைக் கொடுத்து "மனசுக்குத் தோன்றியதை வரை" என்றால் அதிகம் பலன் இருக்காது, எதை வரைவது என்பதே ஒரு கவலையாகிவிடும். இலைப்பச்சையின் அண்ணன் மகள் சொன்ன "கோட்டுக்கு வெளிய போகக்கூடாது" என்பது சரியான வைத்தியம். அப்புறம் 2016-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பம்போல் செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. கத்தரிக்கோல், மீதிக் கால்வாசியில் நீங்கள் ஒருவராக இருக்கலாம்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: விருந்தினர் வந்த பிறகு தேடாதீர்கள், பேனாவும் தாளும் முந்தின நாளே ஒரு பையில் தயாராக இருக்கட்டும். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், போட்ட கோட்டின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாகப் போகும் ஒரு பெரிய சுழிக்கோடு போடுங்கள், தாளில் நிறைய அறைகள் கிடைக்கும், ஒவ்வொன்றையும் புள்ளி, கோடு, அலை என்று ஒரே மாதிரி நிரப்புங்கள். 20 நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். முடித்ததைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

காகிதக்கப்பல்:
வழிப்போக்கன், அந்த 39 பேர் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே குறைந்திருக்குமோ என்னவோ. அதோடு நேரக்கணக்கு, பை, விதி என்று அடுக்கினால் பண்டிகை வேலைப் பட்டியலில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கத்தரிக்கோல் சொன்னதும் அதுதானே?

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை குடும்பம் வண்டியில் வரும் நாளில் அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். "எங்க வந்துட்டாங்களாம்?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பார், எரிச்சல்கூட வரும். போன விடுமுறையில் மேசைமேல் கிடந்த செய்தித்தாளைக் காட்டி, "எனக்குக் கப்பல் செய்ய மறந்துபோச்சுப்பா" என்றேன். நிஜமாகவே மறந்திருந்தது. அவர் உட்கார்ந்தார். மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபோதும் அப்படித்தான் பார்ப்பார். வண்டி வந்து நின்ற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ஆய்வும் எங்களுக்குத் தெரியாது.

இரவுநேரம்:
எல்லோரும் வீடு நிறைந்திருப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள், எனக்குக் காலியாக இருப்பதுதான் கஷ்டம். விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், போனில் அடுத்தடுத்து குடும்பப் படங்கள் வந்துகொண்டிருந்தன. கிழிந்து கிடந்த நீலச் சட்டைப் பையைத் தைக்க உட்கார்ந்தேன், நீல நூல் இல்லை, சிவப்புதான் இருந்தது. மறைக்க முடியாது என்று ஆனபிறகு, தெரிகிற மாதிரியே சுற்றிலும் சின்னச் சின்னத் தையலாகப் போட்டேன். நடுவில் ஒரு நண்பன் கூப்பிட்டான். அன்று முழுக்க யார் கூப்பிட்டாலும் எடுக்காதவன் அதை எடுத்தேன், ஊசி கையில் இருக்கும்போது பேசுவது எளிதாக இருந்தது.

ஒன்று மட்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வெளியே போகவே பயம் என்று ஆனால் மருத்துவரைப் பாருங்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தையல் அதற்கு மாற்று இல்லை, எனக்கு இரண்டும் தேவைப்படுகிறது.

கத்தரிக்கோல்:
வழிப்போக்கன், நான் அந்தக் கால்வாசியில் இல்லை. என் பதிவின் இரண்டாம் பாதியைப் படித்துப் பாருங்கள், கிழித்து ஒட்டியபோது எனக்கும் குறையத்தான் செய்தது. இரவுநேரம், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனீர்களா? காகிதக்கப்பல், அப்பாவுக்குச் செய்தித்தாள் வேண்டாம், மடிப்பு நிற்காமல் துவண்டுவிடும், வெள்ளை எழுதுதாள் கொடுங்கள்.