கைக்கட்டளையா, கைக்குறியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாய்ப் பயிற்சியில் 'உட்கார்', 'நில்' என்பவற்றைக் கையசைவால் உணர்த்தும் 'ஹேண்ட் சிக்னல்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் 'கைக்கட்டளை' என்ற சொல்லை முன்வைத்திருக்கிறார். படித்த உடனே பொருள் விளங்கும் சொல்தான். ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் என் வீட்டு நாய்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளை இராஜபாளையம் குட்டியை வாங்கினேன். பயிற்சி தர வந்தவர் இரண்டு வாரம் 'சிட்', 'ஸ்டே' என்று தொண்டை வறளக் கத்தினார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'கட்டளைக்குப் பணியாத முரட்டு நாய்' என்று சொல்லிக் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்தார். அதற்கு இரண்டு காதும் கேட்காது என்பது பிறகுதான் தெரிந்தது. வெள்ளை நாய்களில் இது அரிதன்று. உட்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமற்போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான்.

கட்டளை என்று பெயர் வைத்தால் அதன் பின்னாலேயே கீழ்ப்படிதல், மீறல், தண்டனை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. நாய் செய்யவில்லை என்றால் குற்றம் நாயினுடையது ஆகிவிடுகிறது. உண்மையில் அந்தக் கையசைவு நாய்க்குச் சொல்வது, 'இப்போது உட்கார்ந்தால் உனக்கு ஒன்று கிடைக்கும்' என்பது மட்டுமே. நாய் உட்காரவில்லையா? ஒன்று, கையைப் பார்க்கவில்லை. அல்லது நாம் சரியாகக் கற்றுத்தரவில்லை. 'ஏவல்' என்ற சொல்லையும் இதனாலேயே விலக்குகிறேன்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். விரலிடுக்கில் ஒரு துண்டுக் கோழிக்கறியை வைத்து, நாயின் மூக்கருகே காட்டி, மெல்ல அதன் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மூக்கு மேலே போகப் போக இடுப்பு தானாகத் தரையில் அமரும். சில முறைக்குப் பின் அதே அசைவை வெறுங்கையால் செய்து, கறியை மற்றொரு கையால் தர வேண்டும். உணவைத் தொடர்ந்து போன அசைவு இப்படித்தான் 'உட்கார்' என்ற பொருள் உள்ள அசைவாகிறது. பிறகு வாய்ச்சொல்லையும் சேர்க்க விரும்பினால் சொல் முன்னே, கை பின்னே வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் பெரும்பாலும் நாய் கையை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும்.

'சைகை' போதாதா என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சைகை என்பது எந்தக் கையசைவுக்கும் பொது. மனிதர் விரல் நீட்டிக் காட்டும் திசையை நாய்க்குட்டிகள் பழக்காமலேயே புரிந்துகொள்கின்றன. விலங்குகளின் அறிவாற்றலை ஆராயும் பிரையன் ஹேர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒளித்துவைத்த உணவைக் கைகாட்டலைக் கொண்டு கண்டுபிடிப்பதில் நாய்கள் சிம்பன்சிகளையே மிஞ்சின. அது சைகை. உள்ளங்கையைத் தடுப்பதுபோல் காட்டினால் 'அங்கேயே நில்' என்பது பழக்கி நிலைநாட்டிய பொருள். இந்த இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும்.

'கைக்குறிப்பு' என்று முதலில் எண்ணினேன். குறிப்பறிதல் என்ற பெயரில் குறளில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன; 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்' என்ற தொடர் என் நாய்க்கே எழுதியதுபோல் இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் கைக்குறிப்பு என்றால் நோட்டுப் புத்தகத்தைத்தான் நினைப்பார்.

ஆகவே 'கைக்குறி' என்று முன்மொழிகிறேன். குறி என்றால் சோதிடம் நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். குறியீடு, அறிகுறி, நிறுத்தக்குறி என்று அன்றாடம் எழுதும்போது அந்த நினைவு நமக்கு வருவதில்லை. இதற்கு இன்னொரு வலிமையும் உண்டு. குடும்பமாகச் சொற்களைத் தருகிறது. வாயால் சொல்வது குரற்குறி. நாய் சரியாகச் செய்த அந்த நொடியைச் சுட்டும் கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்னும் சிறு கருவி) ஒலிக்கு மெச்சுகுறி. காது கேளாத நாய்க்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதும் மெச்சுகுறியே. என் நாய் அந்த விரலைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூக்கருகே காட்டி இழுக்கும் அந்த உணவுக்கு, 'லூர்' என்பதற்கு, என்ன சொல்லலாம்? 'இரை' என்றால் வேட்டையாகிவிடுகிறது. 'தூண்டில்' என்றால் ஏமாற்று வந்துவிடுகிறது. இங்கே நாயை யாரும் ஏமாற்றுவதில்லை, கறித்துண்டு கடைசியில் அதற்குக் கிடைத்தே தீரும். 'வழிகாட்டுணவு' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் தங்கள் ஊரில் வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.