புதுப்பிப்பு: சிகாகோ–டென்வர் டிக்கெட் பணம் திரும்ப வந்துவிட்டது

சிகாகோவிலிருந்து டென்வர் போகும் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானதும், நான் அதில் ஏறாமல் வேறு நிறுவனத்தில் டிக்கெட் எடுத்துப் போனதும், கவுண்டரில் வவுச்சர்தான் தருவோம் என்று சொன்னதும் போன முறை எழுதியிருந்தேன்.

சரி, முழுப் பணமும் நேற்று கிரெடிட் கார்டில் ஏறிவிட்டது. ரத்து செய்தால் பணம் கிடைக்காத மலிவு டிக்கெட், ஆசைப்படாதே என்று சிலர் சொன்னீர்கள். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 2024 விதிப்படி, உள்நாட்டு விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி நாம் பயணத்தை வேண்டாம் என்றால், எந்த டிக்கெட்டானாலும் பணம் திரும்ப வர வேண்டும். கார்டில் கட்டியதற்கு 7 வேலை நாள் கெடு. வவுச்சரை வாங்கிக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். தயவுசெய்து அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள். நான் "வவுச்சர் வேண்டாம், பணம்தான் வேண்டும்" என்று எழுத்திலேயே அனுப்பினேன். அதுதான் கைகொடுத்தது.

புது டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது கொடுத்ததுதான். அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், அந்த இரண்டாவது விமானத்தில் போட்ட பெட்டி மறுநாள் மாலைதான் வந்தது. உள்நாட்டுப் பயணத்தில் 12 மணி நேரத்துக்குள் பெட்டி கைக்கு வராவிட்டால் பெட்டிக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், புகார் பதிவு செய்திருக்க வேண்டும். அன்றிரவே பதிந்துவிட்டேன். அந்தப் பணத்துக்குத்தான் காத்திருக்கிறேன்.