லாப்ரடார் நாய் எப்போதும் பசிக்குது என்று நிற்பது ஏன்?

கிண்ணத்தை நக்கி முடித்த அரை மணியில் மறுபடி அடுப்படியில் வந்து நிற்கும். 'நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேன்' என்று எத்தனையோ பேர் நொந்துகொள்கிறார்கள். அது வேண்டாம். பல லாப்ரடார்களுக்குப் போதும் என்ற சேதியே மூளையில் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

உடல் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன், மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் பகுதியில் உள்ள பிஓஎம்சி (POMC) நரம்பணுக்களைத் தூண்டும். அவை வெளிவிடும் பீட்டா எம்எஸ்ஹெச் (β-MSH) என்ற சேதிப் பொருள், அடுத்த நரம்பணுக்களில் உள்ள எம்சி4ஆர் (MC4R) ஏற்பியில் போய் ஒட்டும்போது பசி அடங்கும். சுமார் நாலில் ஒரு லாப்ரடாருக்கு பிஓஎம்சி மரபணுவின் டிஎன்ஏ குறியீட்டில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களில் பீட்டா எம்எஸ்ஹெச் உருவாவதில் கோளாறு.

2024-ல் வந்த அடுத்த ஆய்வுதான் வளர்ப்பவருக்கு ரொம்ப முக்கியம். வேண்டிய மட்டும் சாப்பிட விட்டபோது இந்த நாய்கள் மற்றவற்றைவிட அதிகம் தின்னவில்லை. வேளைக்கு வேளை நடுவில்தான் பசி கூடுதல். அதோடு ஓய்வில் இருக்கும்போது சுமார் 25% குறைவாகவே சக்தியைச் செலவழித்தன. அதனால் அளவைக் கூட்டாதீர்கள், அதே அளவை மூன்று நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

அளவு எப்படி? 38 கிலோ நாய் 30 கிலோவுக்கு வர வேண்டுமென்றால் 30-க்குத்தான் கணக்கு: 30-இன் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் நாளுக்குச் சுமார் 900 கிலோகலோரி. 100 கிராமுக்கு 350 கிலோகலோரி உள்ள உலர் தீனி என்றால் 255 கிராம் சொச்சம். கப்பில் அள்ளினால் ஆளுக்கு ஆள் மாறும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். தின்பண்டமும் இதற்குள்தான், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மாரி பிஸ்கட் ஒன்றே 20 கிலோகலோரிக்கு மேல். வீட்டில் நாலு பேர் ஆளுக்கொன்று நீட்டினால் அன்றைய பங்கு காலி. வாரம் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் போதும்.

விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரித்த புறங்கை முட்டிகளைத் தடவுவது போல இருந்தால் சரியான எடை. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு.

---

ஒன்று சேர்க்கிறேன். பசி திடீரென்று கூடினால் மரபணு மேல் பழி போடாதீர்கள், அது பிறவியிலேயே இருப்பது. அரிப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன், வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டால் இரண்டுமே பசியைக் கிளப்பும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். தண்ணீரும் அதிகம் குடித்து, தின்றும் மெலிந்தால் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும்.