நியூட்ரல் லோடு ஏறினால் எர்த் ஃபால்ட்டில் இன்கமர் ட்ரிப்: எப்படிச் சோதிப்பது?

லைன்டெஸ்டர்:
1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 415 வோல்ட். இன்கமர் (பேனலின் மெயின் பிரேக்கர்) 1600 ஆம்பியர் மூன்று போல் ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்), நியூட்ரலுக்கு பேனலில் தனி சிடி (கரண்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்). எர்த் ஃபால்ட் செட்டிங் 20 சதவீதம் (320 ஆம்பியர்), 0.4 வினாடி. செகண்டரி இன்ஜெக்‌ஷனில் எல்லாம் சரி. ஆனால் லைட்டிங்கும் சிங்கிள் ஃபேஸ் வெல்டிங்கும் சேர்ந்து ஓடினால் ட்ரிப் அடிக்கிறது. கேபிள் மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்) வேல்யூ நன்றாகவே இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

பஸ்பார்:
செகண்டரி இன்ஜெக்‌ஷன் சிடியைத் தாண்டி ட்ரிப் யூனிட்டுக்கே நேராகச் சிறு கரண்ட் விடுவதால், அந்த யூனிட்டை மட்டும்தான் சோதிக்கும் சார். சிடியைத் திருப்பி மாட்டியிருந்தாலும் அதில் தெரியாது. முதல் சந்தேகம் நியூட்ரல் சிடி மேல்தான்.

ஆர் 400, ஒய் 300, பி 300 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் 100 திரும்பும். யூனிட் நான்கையும் கூட்டினால் பூஜ்யம். சிடி தலைகீழாக இருந்தால் அந்த 100 கழியாமல் 200 ஆகிவிடும். அதாவது, நியூட்ரல் 160 ஆம்பியரைத் தொட்டாலே உங்கள் ஏசிபி விழும். சிடி ஒயர் விட்டுப்போயிருந்தால் 320-இல் விழும்.

எச்டியை (டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் ஹை டென்ஷன் சப்ளை) ஆஃப் செய்து பூட்டி, இருபுறமும் லிங்க்குகளைக் கழற்றி, வோல்டேஜ் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஏசிபி சர்வீஸ் பொசிஷனில் குளோஸ். அவுட்கோயிங் பக்கம் ஆர் பாரையும் நியூட்ரல் பாரையும் ஜம்பர் செய்து, கரண்ட் ஆர் வழியாகப் போய் நியூட்ரல் சிடி வழியாகத் திரும்பும்படி 200 ஆம்பியர் விடுங்கள். ட்ரிப் ஆனால் சிடி தலைகீழ். ஆகாவிட்டால் 350; அதில் ட்ரிப் என்றால் சிடி ஒயர் ஓப்பன் அல்லது ஷார்ட். இரண்டிலும் நின்றால் சிடி சரி. ஒய், பி-க்கும் இதையே செய்யுங்கள். பிறகு ஒரு ஃபேஸ் மட்டும், நியூட்ரல் சிடிக்கு வெளியே திரும்பும்படி: 280-இல் நிற்க வேண்டும், 360-இல் சுமார் 0.4 வினாடியில் விழ வேண்டும். ஐ ஸ்கொயர் டி (கரண்டைப் பொறுத்து ட்ரிப் நேரம் மாறும் செட்டிங்) ஆனில் இருந்தால் நேரம் கூடும்.

யூனிட்டுக்கு ஆக்ஸிலரி சப்ளை கொடுக்க மறக்காதீர்கள். குறைந்த கரண்டில் யூனிட் விழிக்காமலே இருந்துவிட்டால், ட்ரிப் ஆகாததை வைத்து சிடி சரி என்று ஏமாந்துவிடுவோம்.

லைன்டெஸ்டர்:
இப்படி பாரிலேயே பெரிய கரண்ட் விடும் பிரைமரி இன்ஜெக்‌ஷன் கிட் கைவசம் இல்லை. வெல்டிங் செட் போதுமா?

பஸ்பார்:
200 ஆம்பியர் போலாரிட்டி பார்க்க டிரான்ஸ்ஃபார்மர் டைப் செட் போதும். ரெக்டிஃபயர், இன்வர்ட்டர் செட் வேண்டாம், டிசி கரண்ட்டுக்கு சிடி வேலை செய்யாது. லக்கை நன்றாக இறுக்கி, கிளாம்ப் மீட்டர் வைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் 3 வினாடிக்குள் முடியுங்கள். பிக்கப்பும் (ட்ரிப் தொடங்கும் கரண்ட்) நேரமும் பார்க்க முறையான கிட்தான் வேண்டும்.

எர்த்பிட்:
சிடி சரியாக இருந்தும் ட்ரிப் நிற்கவில்லை என்றால், கீழே ஏதோ ஒரு டிபியில் (டிஸ்ட்ரிப்யூஷன் போர்டில்) நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருப்பார்கள். இன்ஜெக்‌ஷனில் இது பிடிபடாது. திரும்பும் கரண்டில் ஒரு பகுதி சிடியைத் தொடாமல் எர்த் வழியே போய்விடும். அதனால் வீண் ட்ரிப். நிஜ ஃபால்ட்டில் இதற்கு நேர்மாறு: ஃபால்ட் கரண்டில் ஒரு பகுதி நியூட்ரல் வழியே வந்து கழிந்து, ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமல் போகலாம். அதுதான் பெரிய ஆபத்து.

எச்டி ஆஃபில் பூட்டியிருக்கும்போதே டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் லிங்க்கைக் கழற்றி, சர்ஜ் அரெஸ்டர்களையும் எலக்ட்ரானிக் லோடுகளையும் பிரித்துவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் போடுங்கள். பூஜ்யம் காட்டினால் ஒவ்வொரு ஃபீடர் நியூட்ரலாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள்; எதைக் கழற்றும்போது வேல்யூ ஏறுகிறதோ, அந்த டிபியைத் திறந்து பாருங்கள்.